பேட்டரி தீர்ந்தால் மறந்துவிடும் இயந்திரம்

கோலார் தங்கவயலுக்கு 1902-ஆம் ஆண்டிலேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. குடிநீரோ, பாலாற்றைத் தேக்கிய பேத்தமங்களா ஏரியிலிருந்து சென்றது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. 1964-இல் தொடங்கப்பட்ட பி.இ.எம்.எல். நிறுவனத்தின் தொழிற்சாலை மட்டும் மண்வாரி இயந்திரங்களைத் தொடர்ந்து செய்து வருகிறது. லேத் வேலை அறிந்தோர் நிறைந்த இத்தகைய வட்டாரங்களில், சொந்தப் பட்டறை தொடங்குவோர் முதலில் நாடுவது பெரும்பாலும் பழைய சி.என்.சி. இயந்திரத்தையே. அவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ரூ.20 லட்சத்திற்கு வாங்கிய இயந்திரத்தின் மதிப்பு, ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் கழித்தால், 15 ஆண்டுகளில் ஏறத்தாழ ரூ.1.75 லட்சமாகக் கணக்கேட்டில் சுருங்கிவிடும். ஆயினும் பட்டறைக்குச் சோறு போடுவது அதுவே. அதன் இரும்பு உடல் இன்னும் பல்லாண்டு உழைக்கும். ஆனால் அதன் நினைவு மிகவும் மெல்லியது.

1980-களின் நடுவில் வெளிவந்த ஃபானக் 0 வரிசைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நம் நாட்டில் இன்றும் ஏராளம். இவற்றில் பாராமீட்டர்கள், கருவி ஆஃப்செட்டுகள், புரோகிராம்கள் யாவும் பேட்டரியின் துணையால் மட்டுமே நிலைத்திருக்கும் நினைவகத்தில் உள்ளன. டார்ச் விளக்கில் இடுவதைப் போன்ற மூன்று பெரிய அல்கலைன் பேட்டரிகளே பல இயந்திரங்களில் அக்காவலைச் செய்கின்றன. அவை வலுவிழக்கும்போது திரையில் எச்சரிக்கை மின்னும். அதைப் பொருட்படுத்தாமல் தீபாவளிக்கு நான்கு நாள் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சென்றால், திரும்பி வரும்போது இயந்திரம் தன் அச்சுகள் எத்தனை என்பதையே மறந்திருக்கக்கூடும். பட்டறை நிற்கும், கடன் தவணை நிற்காது.

இவ்வரிசையில் பேட்டரியைக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டும். அணைத்துவிட்டு மாற்றுவதே பாதுகாப்பு என்று கருதிச் செய்வோர், காக்க எண்ணியதையே இழக்கின்றனர். மின்சாரம் உள்ள பெட்டியாதலால் பழகிய கைகளே இதைச் செய்யட்டும். பிற வரிசைகளுக்கு முறை வேறுபடும், கையேட்டைப் பார்த்துக்கொள்க.

பக்கத்துப் பட்டறையில் அதே மாடல் இருக்கிறதே, அதிலிருந்து நகல் எடுத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் உதவாது. திருகுத்தண்டின் பிழைத் திருத்தம், பேக்லாஷ் அளவு, ஆதார நிலை ஆகியவை ஒவ்வோர் இயந்திரத்திற்கும் தனித்தனி. தயாரிப்பாளர் தந்த அச்சுத்தாளில் பிறந்த நாளின் எண்கள் இருக்கும். பதினைந்து ஆண்டுத் தேய்வுக்கு ஏற்ப மெக்கானிக் திருத்திய எண்கள் அதில் இரா.

ஆகவே ஒவ்வொரு பழுதுபார்ப்புக்குப் பின்னும் நகல் எடுப்பது அவசியம். ஆர்.எஸ்.232 கேபிளும் ஒரு பழைய மடிக்கணினியும் போதும். இரண்டையும் அணைத்த நிலையில் கேபிளைப் பொருத்துக. இல்லாவிடில் போர்ட் எரிந்துபோக வாய்ப்புண்டு. வேகம், பாரிட்டி முதலிய அமைப்புகள் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். எடுத்த கோப்பைத் திறந்து, எண்கள் முழுமையாக வந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பிரதி பட்டறையில், மற்றொன்று வீட்டில், அச்சிட்டது பத்திரங்களோடு என்பது எம் பரிந்துரை.

கோடையில் மின்பெட்டியின் கதவைத் திறந்து மேசைவிசிறியைத் திருப்பி வைக்கும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். காற்றோடு எண்ணெய்ப் புகையும் இரும்புத் தூளும் உள்ளே புகுந்து போர்டுகளின்மேல் படியும். உள்விசிறியைப் பழுதுபார்த்து, வடிகட்டியைக் கழுவி, கதவை மூடி வைப்பதே குளிர்ச்சி.

பழைய இயந்திரத்திற்குக் கடன் கேட்டு வருவோர் மதிப்பீட்டுச் சான்றிதழைத் தவறாமல் கொணர்கின்றனர். விற்பவரிடம் பாராமீட்டர் நகலையும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் விலையைப் பேசும்போது அதையும் கணக்கில் கொள்ளுங்கள். பேட்டரி மாற்றும் நாள் மறக்காதிருக்க ஓர் எளிய வழியும் உண்டு: ஆயுத பூசையன்று இயந்திரத்திற்குச் சந்தனம் இடும் முன் புதிய பேட்டரியை இடலாம்.