அக்வேரியம் மீனைக் கண்மாயில விடப் போறீங்களா? ஜிலேபி மீனோட கதையைக் கேட்டுட்டுப் போங்க!

சேவுகம்பட்டி, வத்தலக்குண்டு பக்கம் யார்கிட்ட வேணும்னாலும் ஜிலேபி மீனைக் காட்டுங்க. ‘நம்ம கண்மாய் மீன்தானே’னு சொல்வாங்க. ஆனா, அது ஆப்பிரிக்காக்காரன். 1952-ல் இலங்கை வழியா மண்டபத்துக்கு வந்து இறங்கினது. வேகமா வளரும், ஏழைகளுக்கு விலை குறைஞ்ச மீன் கிடைக்கும்னு நல்ல எண்ணத்துலதான் கொண்டு வந்தாங்க.

சிக்கல் அதோட வாய்லதான் ஆரம்பிச்சது. தாய் மீன் முட்டைகளை வாய்க்குள்ள வெச்சே பொரிக்கும். குஞ்சுகளையும் கொஞ்ச நாள் வாயிலேயே காப்பாத்தும். அதனால பிழைக்கிற குஞ்சு அதிகம். ரெண்டு, மூணு மாசத்துல அந்தக் குஞ்சுகளே இனப்பெருக்கத்துக்குத் தயார்! குளத்துல கூட்டம் கூடக் கூட இரை பத்தாம எல்லாமே உள்ளங்கை அளவுலயே நின்னுடும். நம்ம நாட்டு மீன்களுக்கும் இரை, இடம் ரெண்டும் குறையும். வலை கனமாத்தான் வரும். ஆனா, பொடி மீனுக்கு என்ன விலை கிடைச்சுடும்? இதைப் பரப்ப வேண்டாம்னு 1959-லேயே மத்திய அளவுல முடிவெடுத்தாங்க. இருந்தும் வைகை, அமராவதி அணைகள் வரைக்கும் போயிடுச்சு.

ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு 2000-லேயே மத்திய அரசு தடை போட்டாச்சு. இருந்தும் திருட்டுத்தனமா வளர்க்கிற பண்ணைகள் அப்பப்போ பிடிபடுது. மழையில பண்ணைக் குட்டை நிரம்பி வழிஞ்சா, அது வாய்க்கால் வழியா கண்மாய்க்கு வந்துடும். வந்துட்டா சின்ன மீன், தவளைனு எதையும் விட்டுவைக்காது.

சரி, இதுல உங்க பங்கு என்ன? கண்ணாடித் தொட்டியில பாசியைச் சுத்தம் பண்ணும்னு ‘டேங்க் க்ளீனர்’ வாங்குறீங்களே, அங்கதான். தென் அமெரிக்காவைச் சேர்ந்த மீன். கடையில விரல் நீளம்தான் இருக்கும். ஒன்றரை அடி வளர்ந்து தொட்டி பத்தாமப் போனதும், ‘பாவம், கொல்ல மனசு வரலை’னு குளத்துல விட்டுடுறோம். உடம்பெல்லாம் கவசம் மாதிரி செதில், முள்ளு வேற. மீனவர் வலை கிழியும். முட்டையிடுறதுக்காகக் கரையில வளை தோண்டும். நம்ம கண்மாய்க் கரை மண் கரைங்கறதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

மெக்சிகோவுல இன்ஃபியர்னில்லோனு ஒரு அணை. அங்க ஜிலேபியை நம்பித்தான் பெரிய மீன்பிடித் தொழிலே நடந்துச்சு. இந்த டேங்க் க்ளீனர் பெருகினதும் ஜிலேபி குறைஞ்சு போய், மீனவர் வலையில இதுதான் நிறைஞ்சது. வந்தேறிக்கே ஒரு வந்தேறி!

வளர்க்க முடியலைன்னா வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்க. இல்லைன்னா பெரிய தொட்டி வெச்சிருக்கிற நண்பர்கிட்ட தள்ளிவிடுங்க. தூண்டில்ல மாட்டினா திரும்பத் தண்ணியில போடாதீங்க. ஜிலேபி மட்டும் மாட்டிச்சுன்னா யோசிக்கவே வேண்டாம், நேரா குழம்புச் சட்டிதான்.