அரைப் பேர்: ‘என்ஜாய் எஞ்சாமி’ உருவான விதமும் உரிமைப் பிணக்கும்

ஆடிக் களிப்பதற்கென ஆக்கப்படும் பாடல்களை இலக்கிய ஆய்வாளர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அவை சந்தைக்குரியன, ஆதலின் ஆய்வுக்குரியன அல்ல என்னும் எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. சந்தைக்கு வரும் ஒவ்வொரு பண்டத்திலும் மனித உழைப்பு உறைந்து கிடக்கிறது என்பதை ஏற்போர்க்கு இவ்வெண்ணம் பொருந்துவதன்று. 2021 மார்ச் 7ஆம் திகதி வெளியாகி, சில மாதங்களுள் இணையத்தில் 10 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்ட ‘என்ஜாய் எஞ்சாமி’யை இங்கு எடுத்துக்கொள்வது இதனாலேயே. கல்லூரி விழாக்களிலும் திருமண வீடுகளிலும் ஆடப்படும் இப்பாடலின் வேர் தேயிலைத் தோட்டத்து லயங்களில் உள்ளது.

பாடலை எழுதியவர் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு. பா. இரஞ்சித் 2017இல் தோற்றுவித்த காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடியவர். 2019இல் ‘தெருக்குரல்’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டவர். அவருடன் பாடியவர் தீ. இசை சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது மாஜா என்னும் நிறுவனம். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துப் பின் தமிழ்நாடு சேர்ந்தவர். பாட்டுக்கு ஊற்றுக்கண் அவர் சொன்ன கதைகளே என்று அறிவு கூறியுள்ளார். அமித் கிருஷ்ணன் இயக்கிய காட்சிப்படத்திலும் அம்மூதாட்டி தோன்றுகின்றார்.

தலைப்பில் வரும் ‘எஞ்சாமி’ என்ற சொல் கூர்ந்து நோக்கத்தக்கது. பண்ணையாரின் முன் கைகட்டி நின்றவன் வாயிலும் ‘சாமி’ உண்டு; பேரனை மடியிலிட்டுக் கொஞ்சும் கிழவி வாயிலும் ‘என் சாமி’ உண்டு. மேல்நோக்கிச் செல்கையில் அடிமைமொழியாகவும் கீழ்நோக்கி வருகையில் அன்புமொழியாகவும் இயங்கும் சொல் இது. பாடல் அதனைப் பண்ணையாரிடமிருந்து பறித்து முன்னோர்க்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உரியதாக்குகிறது. கலகம் என்று சொல்லத்தக்கது முதலில் இங்கேதான் நிகழ்கிறது.

ஹற்றனிலிருந்து மஸ்கெலியா செல்லும் பாதையில் உள்ள நோர்வூட்டில் நின்று கேட்பார்க்கு இப்பாடல் வேறொரு பொருள் தரும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மலைகளில் உழைத்த மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிற்கொண்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பிறகு 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலே, போவோரும் நிற்போரும் கட்டிப்பிடித்து அழுத அழுகையால் தலைமன்னாருக்குச் செல்லும் அப்புகையிரதத்துக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்ற பெயர் வழங்கலாயிற்று. ஒப்பாரி இறந்தோர்க்கு உரியது என்பர். மலையகத்திலோ அது உயிருடன் பிரிக்கப்பட்டோர்க்கும் உரியதாயிற்று.

இவ்வொப்பாரியே அறிவின் குரலில் பாட்டினுள் நுழைகிறது. ஆடத் தூண்டும் தாளத்திடையே இழவோசை வருவது முரண் என்று சிலர் கருதலாம். அது நகர்ப்புற நடுத்தர வர்க்கத்துச் செவியின் முரண். தோட்டத்திலே, விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பு. காமன்கூத்துக்கு முழங்குவதும் தப்பு. பிணத்தின் முன் அதிர்வதும் தப்பு. வேலை, விழா, சாவு மூன்றையும் ஒரே தோற்கருவியால் அளந்த மக்களுக்கு அழுதுகொண்டே ஆடுவது புதிதன்று. மேலும், ஒப்பாரி வெறும் புலம்பலுமன்று. இறந்தவர் என்ன செய்தார், அவருக்கு எவர் என்ன செய்யத் தவறினார் என்று ஊரறிய எடுத்துரைக்கும் வழக்குரை அது. நட்டு வளர்த்த நிலம் தமக்கில்லாது போன கதையை அறிவு அவ்வடிவிற் சொல்வது தற்செயலான தெரிவன்று. (நோர்வூட் மைதானத்தில் 2017 மே 12ஆம் திகதி உரையாற்றிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகள் கட்டித்தரப்படும் என அறிவித்தார். நிலம் பற்றிய வினா வீட்டுடன் முடிவதன்று.)

இனிப் பிணக்குக்கு வருவோம். 2021 ஓகஸ்ட் மாத ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி போலும் இடம்பெற்றனர், அறிவு இடம்பெறவில்லை. பா. இரஞ்சித் இதனைக் கண்டித்தார். 2022 ஜூலை 28ஆம் திகதி சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாடல் அறிவு இல்லாமலே மேடையேறியது. சில நாட்களில், பாடலை இயற்றி மெட்டமைத்துப் பாடியவர் தாமே எனவும், எவரும் தமக்கு மெட்டோ சொல்லோ தரவில்லை எனவும் அறிவு எழுதினார். மெட்டமைப்பில் தமக்கும் தீக்கும் பங்குண்டு எனவும், வருவாய் மூவருக்கும் சமமானது எனவும் சந்தோஷ் நாராயணன் விடையிறுத்தார்.

தோட்டத்து மொழியில் ஒரு நாட்கூலிக்குப் ‘பேர்’ என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து கொடாதவருக்கு ‘அரைப் பேர்’ போடப்படும். உழைப்பவரின் பெயரும் உழைப்பின் விலையும் அங்கு ஒரே சொல். அட்டைப்படத்தில் இடம் கேட்பது புகழாசை என்று எள்ளியோர் இச்சொல்வழக்கை அறியாதோர்.

நாட்டார் மரபு கூட்டுப் படைப்பு. எனவே அதற்குத் தனியொருவர் உரிமை கோரலாகாது என்ற வாதமும் எழுந்தது. முற்போக்காளர் பலருக்கு இது இனிக்கும் வாதம். ஆயினும், ஒலிப்பதிவின் உரிமை நிறுவனத்தின் ஆவணத்தில் தனியுடைமையாக எழுதப்பட்டிருக்கும்போது பாடியவனிடம் மட்டும் பொதுவுடைமை பேசுவது யாருக்கு நன்மை? எமது ஆய்வுலகமும் இதிற் குற்றமற்றதன்று. நாட்டார் பாடற் தொகுதிகளிலே தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கும். பாடிய பெண்ணின் பெயர் பெரும்பாலும் எங்கும் இராது.

மலையகத்தில் இதற்கு மாறான முன்னுதாரணம் உண்டு. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளிலே புதிய சொற்களை அமைத்துத் தோட்டத்துக் கூட்டங்களிற் பாடினார். 1940இல் அப்பாடல்களைத் தம் பெயராலேயே நூலாக வெளியிட்டார். மெட்டு பொது, சொல் அவருடையது, பயன் தொழிலாளருக்கு. கூட்டு மரபும் தனிப் பெயரும் பகையாக வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

2024 மார்ச்சில், பாடல் வெளியாகி மூன்றாண்டு நிறைவுற்றபோது, கலைஞர் எவருக்கும் அதுவரை அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை எனச் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகக் கூறினார். மாஜாவின் கணக்கேட்டைத் தணிக்கை செய்தல் எமது பணியன்று. ஆயினும் பங்குக்காகப் பிணங்கியோர் இருவரும் பற்றுச்சீட்டுக்கு முன் ஒரே வரிசையில் நிற்கக் காண்கிறோம். அவ்வாண்டிலேயே அறிவு புதிய இசைத்தொகுப்பொன்றை வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’.