பெயரைப் பறிகொடுத்த கம்பனிகள்

ஆங்கிலத்தில் எஸ்கலேட்டர் என்றால் இன்று எந்த நகரும் படிக்கட்டும்தான். 1950 வரை அது அமெரிக்காவின் ஓட்டிஸ் கம்பனிக்கு மட்டுமே உரிய வர்த்தகப் பெயர். அது பறிபோனதற்கு மக்களைவிட ஓட்டிஸே பொறுப்பு என்பேன். தனது விளம்பரங்களில் எலிவேட்டரைப் போலவே எஸ்கலேட்டரையும் பொதுச்சொல்லாக எழுதியது அந்தக் கம்பனிதானே!

அஸ்பிரினின் கதை வேறு. அது ஜேர்மனியின் பேயர் கம்பனி 1899இல் சூட்டிய பெயர். மருந்தின் உண்மைப் பெயரோ அசெட்டைல்சாலிசிலிக் அசிட். தலைவலியோடு வருபவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் வலியே பறந்துவிடும். மக்களிடம் வேறு எளிய சொல் இருக்கவில்லை. எனவே பொதுமக்களுக்கு அஸ்பிரின் என்பது மருந்தின் பெயரே, அந்தப் பெயரில் போட்டிக் கம்பனிகளும் அவர்களுக்கு விற்கலாம் என 1921இல் நியூயோர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லையைத் தாண்டிக் கனடாவுக்குப் போனால், அஸ்பிரின் இன்றும் பேயரின் சொத்து.