பெரியாஸ்பத்திரி வாசல் – 6: பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 40

2019 ஏப்ரல் 25, வியாழக்கிழமை இரவு. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளில் 359 பேர் இறந்தார்கள் என்று அதுவரை சொல்லிவந்த அரசாங்கம், அந்த எண்ணிக்கை பிழை, ஏறத்தாழ 253 பேர்தான் என்று அறிவித்தது. ஒரே இரவில் நூறு பேருக்கு மேல் கணக்கிலிருந்து குறைந்தார்கள். சிதறிய உடல்களில் சில ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எண்ணப்பட்டுவிட்டன என்றும், பிரேத பரிசோதனையும் மரபணுச் சோதனையும் நடந்த பிறகே அது தெரிந்தது என்றும் அப்போது சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகமாக இருந்த டொக்டர் அனில் ஜாசிங்க விளக்கினார். இதை நம்பாதவர்கள் பலர். நான் நம்பினேன். இறந்தவர்களை எண்ணவே நான்கு நாள் போதவில்லை. அப்படியானால் அதே காலையில் உயிரோடு கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களைப் பற்றி யார், எதை, எதில் எழுதியிருப்பார்கள்?

அன்று குண்டு வெடித்த கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலிருந்து கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு அதிக தூரமில்லை. தெரு வெறிச்சோடிய ஞாயிறு காலையில் மருதானைச் சந்தியைத் தாண்டிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடலாம். சென்ற வாரம் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் பற்றி எழுதினேன். அதில் வரும் நோயாளியுடன் ஒரு கடதாசியும் வரும்: எத்தனை மணிக்கு ஏற்றினோம், இரத்த அழுத்தம் என்ன, என்ன கொடுத்தோம். ஓட்டோவில் வருபவரிடம் அது கிடையாது. தூக்கிவந்தவர் பெரும்பாலும் தெருவில் நின்ற யாரோ. இறக்கிவிட்டுப் போய்விடுவார். உள்ளே எழுதப்படுவது, "பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 40."

அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதுவது எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் எந்த ஆதார வைத்தியசாலைக்கும் போகலாம். நான் பார்த்த ஓரிடத்தைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். இரத்த அழுத்தத்தை அளந்த தாதி அதை எழுதியது தன் கையுறையின் மேல். மருந்து ஏற்றிய நேரம் நோயாளியின் கையில் ஒட்டிய பிளாஸ்டரில் இருந்தது. இரண்டும் பி.எச்.டி.யில், அதாவது கட்டிலோடு போகும் அந்த மட்டையில், ஏறியபோது முக்கால் மணித்தியாலம் கடந்துவிட்டது. கையுறை அதற்குள் குப்பைத் தொட்டிக்குப் போயிருந்தது. பிளாஸ்டர் பிழைத்துக்கொண்டது. இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு கையும் இரத்தத்தில் இருக்கும்போது பேனாவை எடுப்பது எந்தக் கையால்?

ஆனால் அதே இடத்தில் ஒரு படிவம் மட்டும் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தது. பொலிஸ் கொடுக்கும் சட்ட வைத்தியப் படிவம். காயம் எத்தனை சென்றிமீற்றர், எந்தப் பக்கம், வெட்டா கிழிசலா, எல்லாம் இருந்தது. காரணம் எளிது. இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வரும், எழுதிய வைத்தியரே கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் நிச்சயம் திரும்பி வந்து கேட்பார் என்று தெரிந்தால் மனிதன் எழுதுவான். அமைச்சுக்குப் போகும் காயக் கணக்கெடுப்புப் படிவத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் திரும்பிக் கேட்டதில்லை என்று அங்கே ஒரு வைத்தியர் சிரித்தபடி சொன்னார். அதில் "எங்கே நடந்தது", "ஹெல்மட் போட்டிருந்தாரா" ஆகிய கட்டங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே போகின்றன. இலங்கையில் ஆட்கள் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படும் காரணங்களில் காயங்கள் நீண்ட காலமாக முதலிடத்தில் நிற்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி திரும்பி வந்த ஒரு கதை நம் நாட்டிலேயே உண்டு. உலகமே எடுத்துக்காட்டும் கதை. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. பெரும்பாலும் பூச்சிமருந்து. கொழும்பு ஆஸ்பத்திரியில் 1988இல் பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ தொடக்கிய தேசிய நஞ்சுத் தகவல் நிலையத்துக்கு நாடு முழுவதிலுமிருந்து வைத்தியர்கள் தொலைபேசியில் ஆலோசனை கேட்டார்கள். 2002 முதல் அநுராதபுரம், பொலன்னறுவை ஆஸ்பத்திரிகளில் பிரித்தானிய வைத்தியர் மைக்கல் எடில்ஸ்டனும் இலங்கை வைத்தியர்களும் வந்து சேரும் ஒவ்வொரு நஞ்சு நோயாளியையும் பதியத் தொடங்கினார்கள். கேள்விகள் அதிகமில்லை. என்ன குடித்தார், எப்போது, வந்தபோது நிலை என்ன, கடைசியில் என்ன ஆனது. "என்ன குடித்தார்" என்பதற்கு "பூச்சிமருந்து" என்ற பதிலோடு விட்டுவிடவில்லை என்பதுதான் முக்கியம். போத்தல் எங்கே என்று உறவினரிடம் கேட்டார்கள், இரத்தத்தில் சோதித்தும் பார்த்தார்கள்.

2005இல் 802 நோயாளிகளின் கணக்கு லான்செட் இதழில் வந்தது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று மருந்துகள். பாடப்புத்தகம் மூன்றுக்கும் ஒரே சிகிச்சையைச் சொன்னது. ஆனால் ஒன்றைக் குடித்தவர்களில் 8 சதவீதம் இறந்தார்கள், இன்னொன்றில் 23 சதவீதம். பூச்சிமருந்துப் பதிவாளர் இந்தச் சான்றைக் கணக்கில் எடுத்தார். 2008க்கும் 2011க்கும் இடையில் அந்த மூன்றில் இரண்டான டைமெத்தோவேற்றும் பென்தியனும், அவற்றோடு களைகொல்லியான பரகுவாற்றும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அதற்கு முந்திய தடைகளையும் சேர்த்தால் தற்கொலை வீதம் உச்சத்திலிருந்து 70 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. 1995 முதல் 2015 வரை காப்பாற்றப்பட்ட உயிர்கள் 93,000 என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. போத்தலின் பெயரைக் கேட்டு எழுதியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

வெளிநாட்டில் செய்த அளவுகோல்களை இங்கே அப்படியே கொண்டுவந்து வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உகண்டாவில் வைத்தியர் ஒலிவ் கொபுசிங்யேயும் சகாக்களும் இதை நேராகச் சந்தித்தார்கள். காயத்தின் கடுமையை அளக்கும் அமெரிக்க முறைக்கு ஒவ்வொரு உள்காயத்தையும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கேன் இல்லாத ஆஸ்பத்திரி அதை எப்படி நிரப்பும்? அவர்கள் வகுத்த கம்பாலா அளவுகோலுக்கு வயது, பாரதூரமான காயம் எத்தனை, இரத்த அழுத்தம், மூச்சு வேகம், விழிப்பு நிலை, இவ்வளவு போதும். ஒரு தாதியும் ஒரு இரத்த அழுத்தமானியும் ஒரு மணிக்கூடும் இருந்தால் முடியும். மூச்சை எண்ணுவதுதான் எங்கும் முதலில் கைவிடப்படும் வேலை. பார்க்காமலே 20 என்று எழுதுவார்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு வார்ட்டின் சார்ட்டுகளைப் புரட்டிப் பாருங்கள், பாதிப்பேர் நிமிடத்துக்குச் சரியாக இருபது தடவைதான் மூச்சு விடுகிறார்கள்!

விழிப்பு நிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலிலும் நமக்கென்று ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. 1974இல் ஸ்கொட்லாந்தில் வகுத்தது. பேச்சுக்கு ஐந்து புள்ளி. நீங்கள் யார், இது எந்த இடம், இது என்ன மாதம் என்று கேட்டுச் சரியான பதில் வந்தால் ஐந்தும் கிடைக்கும். ஹட்டனிலிருந்து மகளைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்கு வந்து வழியில் லொறி மோதிய ஒரு மூதாட்டியிடம் அந்தக் கேள்வியைச் சிங்களத்தில் கேட்டால்? அவர் தமிழில் ஏதோ சொல்வார். குழம்பிப் பேசுகிறார் என்று ஒரு புள்ளி குறையலாம். அந்த ஒரு புள்ளி அவரைத் தலை ஸ்கேனுக்கு முந்தி அனுப்பும், அல்லது குழப்பத்தின் உண்மையான காரணத்தை மறைத்துவிடும். பக்கத்தில் நின்ற தமிழ் தெரிந்த அட்டென்டனைக் கூப்பிட்டுக் கேட்ட வைத்தியர்களும் இருக்கிறார்கள். கூப்பிட்டாரா இல்லையா என்பதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த மாதம், 2019 மே, ஜெனீவாவில் உலக சுகாதார மகாசபை அவசர சிகிச்சை பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. தரவைச் சீராகச் சேகரிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கென ஒரு மாதிரிப் படிவமும் வைத்திருக்கிறது. சிகிச்சைக் குறிப்பும் அதுதான், கணக்கெடுப்பும் அதுதான், இரண்டு தடவை எழுத வேண்டாம். இது நல்ல யோசனை. நம்மூரில் இதற்கு நெருங்கியது தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடக்கிறது. அங்கே தரவு கொடுப்பவர்களுக்கு எந்த ஆஸ்பத்திரியில் கட்டில் காலியாக இருக்கிறது என்ற விபரம் திரும்பக் கிடைக்கிறது. கட்டில் தேடி இரவு முழுக்கத் தொலைபேசியோடு மல்லுக்கட்டிய வைத்தியருக்கு அந்தப் பட்டியலின் அருமை தெரியும். தன் பக்க விபரத்தை நிரப்ப அவருக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை.

காகிதப் படிவத்துக்குப் பதிலாக டப்லட் கணினி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. காகிதத்துக்கு மின்சாரம் வேண்டாம். (2022 மார்ச்சில் காகிதமில்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது, அது வேறு கதை.) முதலில் கேள்விகளைக் குறைக்க வேண்டும். எவற்றை வெட்டுவது என்று வாசலில் நிற்கும் தாதியிடம் கேட்க வேண்டும். மிச்சம் பத்து இருந்தால் போதும்.

வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது செய்யக்கூடியவை சில. அடையாள அட்டையைச் சட்டைப்பையில் போடுங்கள். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்று எண் வருடத்தின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பேச முடியாதவரின் வயதும் பாலும் அதிலேயே கிடைத்துவிடும். கிளினிக் கொப்பியையும் குளிசைக் கார்ட்டுகளையும் அப்படியே பையோடு கொண்டுபோங்கள். எதையாவது குடித்திருந்தால் போத்தலையும். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே சொல்லுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொன்னால் ஒரே ஆளுக்கு இரண்டு மட்டை விழும்.

அடுத்த வாரம்: இரவு இரண்டு மணிக்கு இரத்த வங்கி.