தமையனும் தம்பியும் பெற்ற பதக்கங்கள்

போர்ப் பதக்கம் ஒன்றைக் கையிலெடுத்துப் பார்ப்போருக்கு முதலிற் புலப்படுவன உலோகமும் நாடாவுமே. அதனைப் பெற்றவர் யார், எதற்காகப் பெற்றார் என்பவற்றைச் சில பதக்கங்கள் தாமே சொல்லும்; சில சொல்லா. முதலாம் உலகப் போரிற் பிரித்தானியக் கடற்படையிற் பணியாற்றிய சான்ட்போர்ட் சகோதரர் இருவரின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1918ஆம் ஆண்டிலே பெல்ஜியக் கரையிலுள்ள சீபுரூக் துறைமுகம் ஜேர்மனியர் வசமிருந்தது. அங்கே கடலோடு கலக்கும் கால்வாயின் வழியாக வெளிப்பட்ட நீர்மூழ்கிகள் கப்பல்களை அழித்து வந்தன. பழைய கப்பல்களை அமிழ்த்தி அக்கால்வாயை அடைக்கப் பிரித்தானியர் துணிந்தனர். துறைமுகத்தின் அலைதடுப்பணையிற் படைஞரை இறக்கிப் பகைவரின் கவனத்தைத் திருப்புவதும், அவ்வணையைக் கரையோடு இணைத்த இரும்புப் பாலத்தைத் தகர்த்துப் பகைவருக்கு உதவி வராது தடுப்பதும் திட்டத்தின் பகுதிகள்.

பாலத்தைத் தகர்க்கும் பணியிற் சென்றது, தம்பியாராகிய லெப்டினன்ட் றிச்சர்ட் சான்ட்போர்ட் தலைமை தாங்கிய சீ-3 என்னும் பழைய நீர்மூழ்கி. அதனுள் ஏறக்குறைய ஐந்து தொன் வெடிமருந்து இருந்தது. தானே திசைகாத்துச் செல்லும் கருவியும் பொருத்தப்பட்டிருந்தமையால், தொலைவிலேயே கலத்தைவிட்டு இறங்கிவிட வழியிருந்தது. றிச்சர்ட் அவ்வழியை நாடவில்லை. ஏப்ரல் 23ஆந் திகதி நள்ளிரவு கடந்த வேளை, பாலத்தின் தூண்களுக்கிடையே கலத்தைச் செருகித் திரிக்கு நெருப்பூட்டிய பின்னரே தோழர் ஐவருடன் சிறு படகில் இறங்கினார். படகின் சுழலி பழுதாயிற்று. குண்டுமாரிக்கு நடுவே துடுப்பு வலித்தனர். றிச்சர்டும் வேறு சிலரும் காயமுற்றனர். சிறிது நேரத்திற் பாலம் வெடித்துச் சிதறியது.

அவ்வேளை நீராவிப் படகொன்றில் வந்து அறுவரையும் உயிருடன் மீட்டவர் யார்? றிச்சர்டின் தமையனார் பிரான்சிஸ் சான்ட்போர்டே!

றிச்சர்டுக்கு விக்டோரியாச் சிலுவை வழங்கப்பட்டது. வெண்கலத்தாலான அச்சிலுவையின் பின்புறத்தே வீரச்செயலின் திகதியும், அதனைத் தாங்கும் சட்டத்தின் பின்புறத்தே பெற்றவர் பெயரும் பொறிக்கப்படும். கடற்படையினருக்கு நீலமாயிருந்த அதன் நாடா, 1918இல் விமானப்படை தோன்றிய பின் முப்படைக்கும் பொதுவான செந்நிறமாயிற்று. பிரான்சிஸோ முன்னரே டீ. எஸ். ஓ. என்னும் சிறப்புச் சேவை விருதைப் பெற்றிருந்தார். வெண்மிளிரி பூசிய அச்சிலுவையிற் பெறுவோர் பெயரை அரசு பொறிப்பதில்லை. எனினும், அப்போரிற் பொதுவாக வழங்கப்பட்ட சேவைப் பதக்கங்களில், மிகச் சாதாரண மாலுமிக்கும் பெயர் பொறித்தே கொடுத்தனர்.

விக்டோரியாச் சிலுவைக்கான அரச அறிவிப்பு, மீட்பு தவறினால் வெடிப்பில் மாள்வது உறுதியென அறிந்தே றிச்சர்ட் சென்றார் எனப் புகழ்கின்றது. அந்த மீட்பைக் கொண்டுவந்தவர் அவர்தம் உடன்பிறந்தார் என்பதை அது கூறவில்லை.

கால்வாய் முற்றாக அடைபடவில்லை; சில நாட்களில் ஜேர்மனியர் வேறு வழி கண்டனர். தமையனார் மீட்ட உயிரும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. போர் ஓய்ந்து பன்னிரண்டு நாட் கழித்து, 1918 நவம்பர் 23இல், றிச்சர்ட் நெருப்புக்காய்ச்சலால் இறந்தார்.

ஆகவே, நேயர்களே, பதக்கத்தைப் பேணுவோர் அதனோடு சேர்ந்த கடிதங்களையும் சேவைப் பத்திரங்களையும் பேணுதல் வேண்டும். உலோகம் பெயரைச் சொல்லக்கூடும். உறவைச் சொல்வது ஏடே.