இன்ஜின் தட்டுகிறதா? மலை ஏறும் முன் காது கொடுத்துக் கேளுங்கள்!

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். மிளகு, காபி, அன்னாசி, பலா, வாழை என மலையில் விளைவதைக் கீழே இறக்கவும், உரமும் மளிகையும் மேலே ஏற்றவும் மலைச்சாலைகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அதனால், ‘ஏறும்போது இன்ஜின் டொக் டொக்கென்று தட்டுகிறதே, என்ன செய்வது?’ என்பது இங்கே வண்டி வைத்திருக்கும் விவசாயிகளுக்குப் பழகிப்போன கவலை.

அந்தச் சத்தம் சில நூறு ரூபாய் வேலையாகவும் இருக்கலாம். இன்ஜினை இறக்கிப் பிரித்து, ஒரு போகத்து வருமானத்தையே விழுங்கும் வேலையாகவும் இருக்கலாம். எது என்று தெரிய, சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் ஆயில் பாருங்கள்

எந்தத் தட்டல் சத்தமாக இருந்தாலும் முதல் வேலை இதுதான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் இருக்க வேண்டும்.

கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய ஆயில் படலம் இருப்பதால்தான் இரும்பும் இரும்பும் உரசாமல் ஓடுகின்றன. ஆயில் குறைந்த வண்டி செங்குத்தாக ஏறி, வளைவில் திரும்பும்போது, அடித்தொட்டியில் உள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். சமவெளியில் தாக்குப்பிடிக்கிற வண்டி மலையில் பேரிங் போவதற்கு இது ஒரு காரணம். வளைவில் ஆயில் விளக்கு மின்னி மறைந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

நான்கு வகைச் சத்தம்

1. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும், டப்பாவில் கூழாங்கல் குலுக்கியதுபோல் ‘கிணிகிணி’ என்று வந்து, காலைத் தளர்த்தினால் நின்றுவிடுகிறதா? பெட்ரோல் வண்டியில் இது எரிபொருள் தட்டல். பிளக் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள், மீதமுள்ள பெட்ரோல்–காற்றுக் கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானாகவே வெடிப்பதால் வருவது. பாரத்தோடு ஏறும்போது மேல் கியரிலேயே இழுக்கவிடுவதுதான் முக்கியக் காரணம். ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் அப்போதே நின்றுவிடும். நிற்காவிட்டால் ரேடியேட்டர் தண்ணீர், பிளக், பற்றவைக்கும் நேரம் (டைமிங்), உள்ளே படிந்த கரி ஆகியவற்றை மெக்கானிக்கிடம் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலும் இப்படித் தட்டும்.

2. இன்ஜினின் மேல் பகுதியில் தையல் மெஷின்போல ‘டிக் டிக்’ என்று சீராக வருகிறதா? பெரும்பாலும் டேப்பெட் இடைவெளி கூடியிருக்கும். ஆயில் சரியாக இருந்தால், வண்டியை ஓட்டிச் சென்று சரிசெய்யலாம்.

3. அடிப்பகுதியிலிருந்து சுத்தியலால் அடிப்பதுபோல் கனமாக ‘டொக் டொக்’ என்று வந்து, வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறதா? கனெக்டிங் ராட் அல்லது மெயின் பேரிங் தேய்ந்திருக்கலாம். உடனே ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். ‘இன்னும் பத்து வளைவுதானே’ என்று ஓட்டினால், பேரிங்கோடு போக வேண்டியது கிராங்கையும் இன்ஜின் பிளாக்கையும் கெடுத்துவிடும். வேறு வண்டியில் கட்டி இழுத்துச் செல்லும் செலவு அதைவிட மிகக் குறைவு.

4. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் ‘டக் டக்’ என்கிறதா? அது இன்ஜின் அல்ல. முன்சக்கரம் இழுக்கும் கார்களில் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்ததன் அடையாளம். இதற்காக யாராவது இன்ஜினைப் பிரிக்கச் சொன்னால் இன்னொரு மெக்கானிக்கிடமும் கேளுங்கள்.

டீசல் வண்டியில்…

டீசல் இன்ஜினுக்குக் கொஞ்சம் தட்டல் இயல்பு. பீய்ச்சிய டீசல் பற்றிக்கொள்ளச் சிறிது நேரம் எடுக்கும். அதற்குள் சேர்ந்தது மொத்தமாக எரியும்போது சத்தம் வருகிறது. மார்கழிக் குளிரில் காலையில் கூடுதலாகத் தட்டி, சூடானதும் குறைந்தால் பயப்பட வேண்டாம். திடீரென்று கூடி, கரும்புகையும் சேர்ந்தால் நாசிலைக் கழற்றிச் சோதிக்கக் கொடுங்கள்.

எந்த சிலிண்டர் என்று அறிய, பழைய டீசல் வண்டிகளில் மெக்கானிக் ஒவ்வொரு நாசில் பைப்பாகத் தளர்த்திப் பார்ப்பார். தளர்த்தியதும் சத்தம் மாறினால் குறை அங்கேதான். புதிய காமன் ரெயில் வண்டிகளில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது; அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

வாசகர் சந்தேகங்கள்

*மலைக்காற்று லேசாக இருப்பதால்தான் தட்டுகிறதா?*

இல்லை. 1,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் பெட்ரோல் தட்டல் உண்மையில் குறையத்தான் வேண்டும். ஆனால் இழுவையும் குறைவதால், நாம் ஆக்சிலரேட்டரை மேலும் அழுத்துகிறோம், இன்ஜின் சூடேறுகிறது. தட்டல் அதனால் வருவது.

*எத்தனால் கலந்த பெட்ரோலால் தட்டுமா?*

எத்தனால் தட்டலைக் குறைக்கும் பொருள். ஒரு காலத்தில் இதற்காகப் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். உடலுக்கு நஞ்சு என்பதால் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. இப்போது கரும்பு, மக்காச்சோளத்திலிருந்து கிடைக்கும் எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கப்படுகிறது. பழைய வண்டிகளில் ரப்பர் குழாய்கள் கெட்டு ஒழுகுகிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள்.

*கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்குமாமே?*

சில நாள் அடங்கும். தேய்ந்த பேரிங் சரியாகாது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லி, குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்து கேளுங்கள். பிறகு சூடான பின்னும், ஒரு ஏற்றத்தில் பாரத்தோடும் ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.