காவல் நாய்க்கும் ஒரு காவல்

விவிலியத்தில் தோபித்து நூலை வாசித்தவர்கள் அதில் வரும் நாயை மறந்திருக்க மாட்டார்கள். இளைஞன் தோபியா, வானதூதர் இரபேலின் துணையோடு நெடும்பயணம் புறப்படுகையில் நாயும் உடன் செல்கிறது. இல்லம் திரும்புகையிலும் பின்தொடர்ந்து வருகிறது. அது அருஞ்செயல் எதுவும் புரியவில்லை. ஆயினும், குடும்பத்தின் இன்பதுன்பங்களில் அதற்கும் ஓர் இடம் உண்டு என்பதைத் திருநூல் குறிப்பால் உணர்த்துகிறது. ஆரோக்கியநாதர் என நம் மக்கள் போற்றும் புனித ரோக்கின் சுரூபத்திலும், அப்பத்தைக் கவ்விய நாயொன்று அவர் காலடியில் நிற்கக் காண்கிறோம்.

வனத்து அந்தோணியார் திருநாளாகிய ஜனவரி 17-இல் வளர்ப்பு உயிர்களை ஆசீர்வதிக்கும் வழக்கம் திருச்சபையில் நெடுங்காலமாக உண்டு. போற்றத்தக்க வழக்கமே. ஆனால், ஆசீர்வாதம் பெற்ற உயிரைப் பேணும் கடமை அன்றே முடிந்துவிடுவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது.

அக்கடமைகளுள் தலையாயது வெறிநோய்த் தடுப்பூசியாகும். நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் இருக்கும் கிருமி, கடி அல்லது கீறலின் வழியாக உடலினுள் புகுந்து, நரம்பைப் பற்றி மூளையை அடைகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்களில், சில வேளைகளில் ஓராண்டும் கடந்து, நோய் வெளிப்படும். வெளிப்பட்ட பின்னர் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களாலேயே வருகின்றது என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. ஆகவே, நாய்க்குப் போடும் ஊசி நம் பிள்ளைகளுக்கு இடும் வேலியாகும்.

குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ஊசி போடவேண்டும். மருத்துவர் குறிக்கும் நாளில் அடுத்த ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் தேவை. பூனைக்கும் இது பொருந்தும். இவற்றை ஓர் அட்டையில் குறித்துப் பேணுதல் நன்று. ‘எங்கள் நாய் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை’ என்று வாளாவிருத்தல் ஆகாது. வேலியைத் தாண்டி வரும் ஒரு நாய் போதும்.

வேறு நோய்களும் உள. 1978-ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் நோய், குட்டிகளுக்கு வாந்தியையும் இரத்தக் கழிச்சலையும் உண்டாக்கிச் சில நாட்களில் மாய்த்துவிடக்கூடியது. அதற்கான ஊசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில் மீண்டும் போடவேண்டும். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாக மனிதரையும் தொற்றலாம். நாயின் குடற்புழு முட்டைகள் மண்ணில் கலந்து, அதில் விளையாடும் குழந்தைகளின் வயிற்றை அடையலாம். ஆதலால், காலந்தோறும் புழுநீக்க மருந்து அளிப்பதும், உண்ணிகளை அகற்றுவதும், நாயைத் தொட்டபின் கை கழுவுவதும் வீட்டு வழக்கங்களாதல் வேண்டும்.

இனி, நம் தெருக்களில் ஒரு புதிரான உறவு உண்டு. வாயிலில் படுத்திருக்கும் நாய்க்கு நாள்தோறும் மிச்சச் சோறு இடுகிறோம். இரவில் அது குரைத்துக் காப்பதை ஏற்றுக்கொள்கிறோம். ஊசி என்றதும், ‘அது எங்கள் நாய் அன்று’ என்கிறோம். சோறிடும் கைக்கு அந்த நாயின் நலத்திலும் பொறுப்பு உண்டன்றோ? அண்டை வீட்டார் இருவர் மூவர் சேர்ந்தால், பழகிய அந்நாயை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்வது கடினமன்று.

முன்னெச்சரிக்கையையும் மீறி நாயோ பூனையோ கடித்தால், புண்ணை உடனே சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதனையும் அப்பலாகாது. மந்திரித்து நூல் கட்டிக் காத்திருத்தலும் ஆகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்க. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. இன்று தோளில் போடும் சில ஊசிகளே போதும். ஆழமான காயமாயின் புண்ணிலேயே செலுத்தும் மருந்தும் உண்டு. குறித்த நாட்களில் எல்லா ஊசிகளையும் தவறாது போட்டு முடித்தல் இன்றியமையாதது.

பெற்றோரே, ஒன்றை மனத்தில் இருத்துங்கள். நாயோடு விளையாடக் கூடாது என்று கண்டிக்கப்பட்ட பிள்ளை, அடிக்கு அஞ்சிக் கடியை மறைத்துவிடும். அந்த மௌனம் உயிரையே கொள்ளை கொள்ளக்கூடும். ‘நாய் கடித்தாலும் கீறினாலும் உடனே சொல்; உன்னை அடிக்கமாட்டோம்’ என்று இன்றே சொல்லி வையுங்கள்.

1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குத் தடுப்பு மருந்து அளித்துக் காத்தார் லூயி பாஸ்டர். அவர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் நாளே உலக வெறிநோய் நாளாகக் கொள்ளப்படுகிறது. அந்நாளையொட்டிப் பல இடங்களில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடைபெறுவதுண்டு. வனத்து அந்தோணியார் திருநாளன்று நம் பங்குகளிலும் கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்து, ஆசீர்வாதத்தோடு தடுப்பூசியும் கிடைக்கச் செய்யலாகாதா? வாயில்லா உயிரையும் வாய்திறக்க அஞ்சும் பிள்ளையையும் ஒருங்கே காக்கும் திருப்பணி அதுவன்றோ!